பிளஸ் டூ தேறிய பிள்ளைக்கு என்ன வாங்கிக் கொடுப்பது?

தேர்வு முடிவுகள் வெளியான நாளிலிருந்து இப்பகுதிக்கு வந்த கடிதங்களில் பாதிக்கும் மேற்பட்டவை ஒரே பொருளைப் பற்றியவையாக இருந்தபடியால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, அவற்றில் நான்கை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: என் தங்கை மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்து, இப்போது 600க்கு 561 மதிப்பெண் எடுத்திருக்கிறாள். எங்கள் இரண்டு குடும்பங்களிலும் கல்லூரிக்குப் போகும் முதல் பிள்ளை அவள்தான். பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். எந்தக் கல்லூரி என்பது இன்னும் தெரியவில்லை. தாய்மாமன் என்ற முறையில் 40,000 ரூபாய் வரை செய்ய நினைக்கிறேன். என் மனைவி தங்கத் தோடு வாங்கலாம் என்கிறார். என் மகன் லேப்டாப்தான் உதவும் என்கிறான். எதை வாங்குவது?
— ஒரு விவசாயி, கோபிசெட்டிபாளையம்

பதில்: உங்கள் மனைவி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் கல்லூரி முடிவாகும்வரை இருவரும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து. தேர்வு முடிவு மே மாதத்தில் வந்துவிடுகிறது. கலந்தாய்வு முடிந்து, கல்லூரி முடிவாகி, வகுப்புத் தொடங்குவதற்கு ஆகஸ்ட் மாதத்தையும் தாண்டிவிடுவதுண்டு. இப்போதே லேப்டாப்பை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டால், உத்தரவாதக் காலத்தில் மூன்று மாதம் அட்டைப்பெட்டிக்குள்ளேயே கழிந்துபோகும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. கணினி அறிவியல் படிக்கிற பெண்ணுக்குத் தேவைப்படும் இயந்திரமும், சிவில் துறையில் வரைபட மென்பொருள்களோடு மல்லுக்கட்டப்போகிற பெண்ணுக்குத் தேவைப்படும் இயந்திரமும் ஒன்றல்ல. துறை முடிவான பிறகு, அதே துறையில் இரண்டாம் ஆண்டு படிக்கிற ஒருவரிடம் கேட்டு வாங்கினால், உங்கள் 40,000 ரூபாய்க்கு முழுப் பயன் கிடைக்கும்.

தோட்டைப் பற்றிச் சொல்வதானால், தாய்மாமன் கையால் பொன் வருவது நம் பக்கத்தில் வெறும் நகை வாங்கும் விஷயமன்று என்பதை நான் அறிவேன். இருந்தாலும், சிறிய நகையில் செய்கூலியும் சேதாரமும் எடைக்குப் பொருந்தாத அளவுக்கு ஏறிவிடுகின்றன. என்றைக்காவது விற்க நேர்ந்தால் அந்தத் தொகை திரும்பக் கிடைக்காது. அப்படியே வாங்குவதாக இருந்தால், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் அடையாளக் குறியீடு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் இந்தக் குறியீடு இல்லாமல் நகை விற்கக் கூடாது என்பது விதி. ஆனால் 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சிறு தோடுகள் பெரும்பாலும் அந்த எல்லையை ஒட்டியே இருப்பதால், கேட்காமல் வந்துவிடாதீர்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் பணத்தை இரண்டாகப் பிரிப்பேன். சீர் தட்டில் வைத்துக் கொடுக்க ஒரு நல்ல உடையும், வெற்றிலை பாக்கோடு ஒரு சிறு தொகையும் இப்போது போதும். மீதியை அவள் பெயரிலேயே வங்கியில் போட்டுவிடுங்கள். அவளுக்கென்று ஒரு கணக்கு எப்படியும் வேண்டும். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில்தான் வருகிறது. அந்தக் கணக்கை ஆதாரோடு இணைத்து, அவளே போய்ப் பணம் எடுக்கப் பழக்கிவிட்டால், அதுவே ஒரு பெரிய உதவி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டு குடும்பங்களிலும் முதல் பட்டதாரி என்கிறீர்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாயிற்றா? அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைத்தால், கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது என்பது உங்கள் தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் தெரியுமா? முப்பது ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்திய அனுபவத்தில் சொல்கிறேன்: மதிப்பெண் இருந்தும், சான்றிதழ் வாங்க அலைவதற்கு வீட்டில் ஆள் இல்லாமல் தடுமாறிய பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். தறிக்கும் தோட்டத்துக்கும் போகிற பெற்றோரால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க முடிவதில்லை. தாய்மாமன் வண்டியெடுத்துக்கொண்டு இரண்டு நாள் கூட அலைந்தால், அது எந்தத் தோட்டுக்கும் குறைந்த சீரன்று.

கல்லூரி முடிவான பிறகு அவளிடமே கேளுங்கள். கேட்டு வாங்கிக் கொடுப்பது மரியாதைக் குறைவு என்று நம்மில் சிலர் நினைப்பதுண்டு. ஆனால், “கண்ணு, காலேஜுக்கு என்னென்ன வேணும்னு ஒரு சீட்டுல எழுதி வெய்யி” என்று மாமன் சொன்னால் எந்தப் பெண்ணும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாள். முதலாண்டு பொறியியல் வரைபடப் பாடத்துக்கு, கோடுகளை அளந்து வரைய உதவும் டிராஃப்டர் என்ற கருவி வேண்டும். கணக்குப் போடும் கருவி வேண்டும், அதிலும் நிரல் எழுதக்கூடிய வகையை அண்ணா பல்கலைக்கழகத் தேர்வு அறைக்குள் விடமாட்டார்கள் என்பதால் கேட்டே வாங்க வேண்டும். விடுதியில் தங்குவதாக இருந்தால் பூட்டு, வாளி, நல்ல போர்வை ஆகியவை வேண்டும். போர்வைக்குக் கடைவீதியில் அலைய வேண்டாம். சென்னிமலைக் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய கைத்தறிப் போர்வை நான்கு ஆண்டு விடுதித் துவைப்பைத் தாங்கும். தரையில் விரித்து நான்கு பேர் உட்கார்ந்து படிக்கப் பவானி ஜமக்காளம் ஒன்றும் சேர்த்துக் கொடுத்தால், அறைத் தோழிகள் உங்களைத்தான் முதலில் நினைப்பார்கள்.

கேள்வி: மகள் வயிற்றுப் பேரன் பிளஸ் டூ தேறிவிட்டான். வயது 17. நான் இருக்கும்போதே அவனுக்கு ஒரு பைக் வாங்கித் தர ஆசைப்படுகிறேன். மகள் வேண்டாம் என்கிறாள். அப்பிச்சி ஆசையாகச் செய்வதைத் தடுக்கலாமா?
— ஒரு பெரியவர், காங்கேயம்

பதில்: ஐயா, உங்கள் மகள் சொல்வதைக் கேளுங்கள். கியர் வண்டி ஓட்ட உரிமம் பெறுவதற்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்கு முன் பேரன் சாலையில் வண்டி எடுத்தால், 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம் பேரனோடு நிற்பதில்லை. ஆர்.சி. எனப்படும் வண்டிப் பதிவுச் சான்று யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கும் காப்பாளருக்கும் மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். பிடிபட்ட பிள்ளைக்கு 25 வயது வரை உரிமமும் கிடைக்காது. விபத்தில் இன்னொருவருக்கு இழப்பீடு கொடுக்க நேர்ந்தால், உரிமம் இல்லாதவர் ஓட்டியதைக் காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் அந்தத் தொகையை வண்டிக்காரரிடமே வசூலிக்க முயலும். நீங்கள் ஆசையாக வாங்கிக் கொடுத்த வண்டிக்காக உங்கள் மகளோ மாப்பிள்ளையோ நீதிமன்றப் படியேற வேண்டுமா?

நம் ஊரில் தோட்டத்து மண்பாதையில் பத்து வயதிலேயே மொபெட் ஓட்டுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று நீங்கள் சொல்லக்கூடும். தோட்டத்துக்குள் ஓட்டுவது வேறு, தாராபுரம் சாலையில் லாரிகளுக்கு நடுவே ஓட்டுவது வேறு.

ஆசையைக் கைவிட வேண்டியதில்லை; ஓராண்டு தள்ளிப்போட்டால் போதும். அந்தத் தொகையைப் பேரன் பெயரில் வைப்பாகப் போட்டு, ரசீதை அவன் கையில் கொடுங்கள். தாத்தா பேரனுக்குக் கொடுக்கும் அன்பளிப்புக்கு வருமான வரி இல்லை. ஆனால் அவனுக்கு 18 வயது ஆகும்வரை அந்த வைப்பின் வட்டி, பெற்றோரில் வருமானம் கூடியவரின் கணக்கில் சேரும் என்பதை மாப்பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். பதினெட்டு நிறைந்ததும் பழகுநர் உரிமம், அதிலிருந்து முப்பது நாள் கழித்து ஓட்டுத் தேர்வு, அதன் பிறகு வண்டி. தலைக்கவசத்தை மட்டும் இப்போதே வாங்கிக் கொடுத்துவிடலாம். அப்பன் வண்டியின் பின்னால் உட்காருவதற்கும் அது வேண்டும்.

கேள்வி: என் அண்ணன் மகன் 572 மதிப்பெண், தம்பி மகன் கணக்கில் மட்டும் தேறவில்லை. இருவரும் ஒரே வாசலில் வளர்ந்தவர்கள். அத்தையாகிய நான் ஒருவனுக்குக் கொடுத்து இன்னொருவனுக்குக் கொடுக்காமல் இருந்தால் மனம் உறுத்துகிறது. கொடுத்தால், தோற்றதற்குப் பரிசா என்று தம்பி மனைவி நினைத்துவிடுவாரோ?
— ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: இந்த வாரம் வந்த கடிதங்களில் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான். இருவருக்கும் ஒரே பொருளை, ஒரே விலையில் கொடுங்கள். ஆனால் ஒரே நாளில், எல்லாரும் கூடியிருக்கும்போது கொடுக்காதீர்கள். உறவினர் நிறைந்த வீட்டில் ஒருவனை முதுகில் தட்டிவிட்டு, இன்னொருவனிடம் “அடுத்த தடவை பாத்துக்கலாம் சாமி” என்று சொல்லி நீட்டப்படும் பொட்டலத்தை எந்த வயதுப் பிள்ளையும் விரும்பி வாங்காது.

முள் வைத்த சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்று என் பரிந்துரை. தேறாத பாடத்துக்குத் துணைத் தேர்வு சில வாரங்களிலேயே வந்துவிடுகிறது. அதில் தேறினால் இதே ஆண்டில் கல்லூரியிலும் சேரலாம். திறன் கடிகாரங்களைத் தேர்வு அறைக்குள் கொண்டுபோக முடியாது, முள் கடிகாரம் பயன்படும். தம்பி வீட்டுக்குத் தனியாகப் போய், தேர்வுக்கு வைத்துக்கொள் என்று சொல்லிக் கொடுங்கள். அப்போது அது தோற்றதற்குப் பரிசாக இருக்காது. துணைத் தேர்வு வரைக்கும் கணக்குக்கு ஓர் ஆசிரியரை ஏற்பாடு செய்து, அந்தக் கட்டணத்தையும் நீங்கள் ஏற்க முடிந்தால் இன்னும் நல்லது. அதைத் தம்பி மனைவியிடம் முன்கூட்டியே கலந்துபேசிவிட்டுச் செய்யுங்கள். அண்ணன் மகனிடம் இந்த ஏற்பாட்டைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

கேள்வி: நான் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். குடியிருக்கும் வீட்டுக்காரர் மகன் தேறிவிட்டான். கோவையில் விடுதியில் தங்கி பி.காம். படிக்கப் போகிறான். வசதியான குடும்பம். 501 ரூபாய் மொய்க் கவர் கொடுத்தால் கேவலமாக இருக்குமா?
— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் கவரில் வைத்தது எதுவாக இருந்தாலும் செய்முறை நோட்டில் ஏறிவிடும். நாளை உங்கள் வீட்டு விசேஷத்தில் அவர்கள் திருப்பிச் செய்வார்கள், அதற்கு மேல் நீங்கள் ஒரு படி ஏற வேண்டியிருக்கும். வாடகைக்கு இருக்கும் வீட்டில் அந்தக் கணக்கைத் தொடங்காமல் இருப்பது உங்களுக்கு நிம்மதி.

எந்தத் துணி முதல் துவைப்பிலேயே சுருங்கும், எது நிற்கும் என்பது வீட்டுக்காரரைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதே 500 ரூபாய்க்குள், நன்றாகக் காம்பாக்டிங் செய்த (துவைத்தால் சுருங்காதபடி பதப்படுத்திய), 180 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை) பருத்தித் துணியில், எழுத்தும் படமும் இல்லாத இரண்டு டி-ஷர்ட்டுகளை நீங்களே வெட்டி, தெரிந்த டெய்லரிடம் தைத்து வாங்கிவிடலாம். விடுதிப் பையனுக்கு அவை தினமும் உதவும். மார்பளவை அவன் அம்மாவிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பதினேழு வயதுப் பையன் என்பதால் ஒரு அளவு பெரிதாகவே வெட்டுங்கள்.