‘ரேடியோ வாய்ஸ்’ இருந்தால் வேலையை விடலாமா?

கேள்வி: எனக்கு 26 வயது. திருநெல்வேலியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பள்ளி நாட்களிலிருந்தே மேடையில் நிகழ்ச்சி தொகுத்து வழங்குவேன். ‘உனக்கு ரேடியோ வாய்ஸ்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆர்.ஜே. (ரேடியோவில் நிகழ்ச்சி தொகுத்து வழங்குபவர்) ஆகவும் டப்பிங் பேசவும் ஆசை. சென்னையில் ஒரு பயிற்சி மையம், மூன்றே மாதத்தில் வேலைக்கு உத்தரவாதம் என்று 45 ஆயிரம் ரூபாய் கேட்கிறது. வேலையை விட்டுவிட்டுப் போகலாமா? என் நெல்லைப் பேச்சு இந்தத் துறையில் தடையாக இருக்குமா?
(பெயர் வேண்டாம், திருநெல்வேலி)

பதில்:

அன்புத் தங்கைக்கு,

வேலையை இப்போது விடாதீர்கள். ரேடியோவோ டப்பிங்கோ, ஆரம்பத்தில் பெரும்பாலும் கூப்பிட்ட நாளுக்குத்தான் காசு. கூப்பிடாத நாட்களில் வீட்டு வாடகையைக் கணக்குப் பிரிவுதான் கட்ட வேண்டும்.

நீங்கள் இரண்டு ஆசைகளையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டீர்கள். இரண்டும் மைக் முன்னால் நடக்கிறதே தவிர, நேர் எதிரான தொழில்கள். ரேடியோவில் நீங்கள் நீங்களாகவே தெரிய வேண்டும். டப்பிங்கில் நீங்கள் இருப்பதே தெரியக் கூடாது. நடிகர் மோகனுக்குப் பல படங்களில் குரல் கொடுத்தவர் எஸ்.என்.சுரேந்தர். நடிகர் விக்ரம், தான் பெரிய நட்சத்திரம் ஆவதற்கு முன்பு அஜித்துக்கும் பிரபுதேவாவுக்கும் அப்பாஸுக்கும் டப்பிங் பேசியிருக்கிறார். படம் பார்த்த எத்தனை பேருக்கு அது அப்போது தெரியும்? கைதட்டல் முழுக்கத் திரையில் தெரியும் முகத்துக்குப் போகும். மேடையில் பேசிப் பழகிய உங்களுக்கு இது சரிப்படுமா என்று முதலில் யோசியுங்கள்.

அப்புறம் இந்த ‘ரேடியோ வாய்ஸ்’. ஆகாசவாணியின் டெல்லிச் செய்திகளில் சரோஜ் நாராயணசுவாமியின் கம்பீரம், இலங்கை வானொலியில் கே.எஸ்.ராஜாவின் மடமடவென்ற வேகம், அதே வானொலியின் பி.எச்.அப்துல் ஹமீதின் சுத்தமான உச்சரிப்பு. மூன்றுக்கும் ஒற்றுமையே கிடையாது. ஆனால் அந்த நாட்களில் ரேடியோவைப் போட்ட பத்தாவது நொடியில் யார் என்று தெரிந்துவிடும். கனமான குரல் ஊருக்குப் பத்துப் பேரிடம் இருக்கிறது. எழுதிக் கொடுத்ததை, அப்போதுதான் மனதில் தோன்றியதுபோலச் சொல்லத் தெரிகிறதா என்பதைத்தான் குரல் தேர்வில் பார்ப்பார்கள்.

தனியார் எஃப்.எம்.மில் எந்தப் பாட்டு எப்போது என்பதை ஆர்.ஜே. முடிவு செய்வது அரிது. பட்டியல் ஏற்கெனவே கணினியில் தயாராக இருக்கும். உங்களுக்குக் கிடைப்பது பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே அரை நிமிடமோ, ஒரு நிமிடமோ. பல நேரம் அடுத்த பாட்டின் ஆரம்ப இசை ஓட ஓடப் பேசி, பாடகர் வாய் திறப்பதற்குள் முடித்துவிட வேண்டும். அதற்குள் ஊர் விஷயம் ஒன்று, ஒரு சிரிப்பு, விளம்பரதாரர் பெயர் மூன்றும் வந்தாக வேண்டும். வீட்டில் இதைச் செய்து பாருங்கள்: காலைப் பேப்பரில் உங்கள் தெருவில் இருப்பவர்களுக்கு உதவும் ஒரு விஷயத்தை எடுத்து, தோழி ஒருத்தியிடம் சொல்வதுபோல அரை நிமிடத்தில் போனில் பதிவு செய்யுங்கள். ‘அனைவருக்கும் வணக்கம்’ என்று மேடைக் குரலில் ஆரம்பித்தால் அழித்துவிட்டு மறுபடி பேசுங்கள். மேடையில் பேசிப் பழகியவர்களை விட்டுப் போக அதிக நாள் எடுப்பது அந்த ‘அனைவருக்கும்’தான்.

டப்பிங்கில் வேறு கஷ்டம். ஒரு இந்தி சீரியலைத் தமிழாக்கும்போது கதாபாத்திரம் ‘எங்கே இருந்தே?’ என்று கேட்க வேண்டும் என்று வையுங்கள். திரையில் அந்த நடிகையின் உதடு இரண்டு முறை மூடித் திறக்கிறது. ‘எங்கே இருந்தே’ என்பதில் உதடு மூடும் எழுத்தே இல்லை. ‘எப்போ போனே?’ என்று மாற்றினால் உதடு கச்சிதமாக உட்காரும், ஆனால் அர்த்தம் கெட்டுப்போகும். அர்த்தமும் கெடாமல் ப, ம வரும் சொல்லைத் தேடுவது வசனம் எழுதுபவர் பாடு. அதை அந்த நடிகையின் மூச்சு எங்கே ஏறி எங்கே இறங்குகிறதோ அங்கே கொண்டுபோய் வைப்பது உங்கள் பாடு. அழுகை, விக்கல், மாடிப்படி ஏறிய மூச்சிரைப்பு எல்லாமும் பேச்சோடு சேர்த்திதான். புதிதாக வருபவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் கிடைப்பது கல்யாண வீட்டுக் கூட்டத்தில் ஒரு குரல், ஆஸ்பத்திரி நர்ஸ் பேசும் ஒரு வரி. சினிமா, சீரியல் டப்பிங்குக்குச் சென்னையில் டப்பிங் கலைஞர்களுக்கென்று சங்கம் இருக்கிறது. உறுப்பினர் ஆவதற்கான விதிகளை இடைத்தரகர்களை நம்பாமல் நேரே அங்கேயே கேளுங்கள்.

நெல்லைப் பேச்சு பற்றி ஏன் கவலைப்படுகிறீர்கள்? உங்கள் ஊர் எஃப்.எம்.மில் அது சொத்து. ‘ஏல, என்னல செய்த’ என்பதை வெளியூர்க்காரர் ஒருவர் வரவழைத்துப் பேசினால் பாளையங்கோட்டையில் யாரும் நம்ப மாட்டார்கள். செய்தி வாசிப்புக்கும் விளம்பரத்துக்கும் ஊர் தெரியாத தமிழும் கைவசம் வேண்டும், அவ்வளவுதான். நினைத்தால் போடவும் நினைத்தால் கழற்றவும் வந்துவிட்டால் இரட்டை லாபம். ல, ள, ழ மூன்றும் ர, ற இரண்டும் மட்டும் எந்தப் பேச்சிலும் குழம்பக் கூடாது. தினமும் ஒரு பக்கம் சத்தமாக வாசித்து, பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். அன்றே கேட்டால் நம் குரல் நமக்கு நன்றாகத்தான் இருக்கும்.

முதல் கதவுக்கு நீங்கள் சென்னை போக வேண்டியதில்லை. திருநெல்வேலியிலேயே ஆகாசவாணி நிலையம் இருக்கிறது. பகுதி நேர அறிவிப்பாளர்களுக்கு அறிவிப்பு வரும்போது எழுத்துத் தேர்வும் குரல் தேர்வும் வைப்பார்கள். வானொலி நாடகத்துக்கும் தனியாகக் குரல் தேர்வு உண்டு. மாதத்தில் சில நாட்கள்தான் வாய்ப்பு, பெரிய சம்பளமும் கிடையாது. ஆனால் பிழை சொல்லித் திருத்தும் ஆட்கள் நடுவில் உட்காரலாம், இருக்கிற வேலையையும் விட வேண்டாம்.

அந்த 45 ஆயிரம்? ரேடியோ நிலையத்தின் வேலைக்கு ஒரு பயிற்சி மையம் எப்படி உத்தரவாதம் தர முடியும்? அந்த வார்த்தையைச் சொன்ன இடத்துக்கே போகாதீர்கள். வேறு இடம் பார்ப்பதாக இருந்தால், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் நீங்களே மைக் முன்னால் நிற்பீர்கள், யார் கேட்டுத் திருத்துவார்கள், முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். இதற்கிடையில் ஒரு டெமோ, அதாவது உங்கள் குரலின் மாதிரிப் பதிவு, தயார் செய்யுங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். ஒரு விளம்பரம், ஒரு கதைப் பகுதி, ஒரு ரேடியோ பேச்சு போதும். எதிரொலி குறைய, துணி நிறைந்த அலமாரி உள்ள அறையில், ஃபேனை நிறுத்திவிட்டுப் பதியுங்கள். (நெல்லை வெயிலில் இது தண்டனைதான், விடியற்காலையில் முடித்துவிடுங்கள்.)

டெமோவை அனுப்பத் தொடங்கியதும், மணிக்கணக்கில் வாக்கியங்களை வாசித்துத் தரச் சொல்லி நல்ல தொகையோடு சிலர் வரலாம். அவர்கள் வாங்குவது ஒரு விளம்பரத்துக்கான குரலாக இருக்காது, செயற்கை நுண்ணறிவுக்கு உங்கள் குரலில் பேசக் கற்றுக்கொடுக்கும் பதிவாக இருக்கலாம். எதற்கு, எத்தனை காலத்துக்கு, குரலை நகலெடுக்க அனுமதி உண்டா என்பது எழுத்தில் இல்லாமல் ஒரு வரிகூட வாசிக்காதீர்கள். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் வந்தால், கையெழுத்துப் போடும் முன் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.