குளிர் நாட்டு வருத்தங்கள்: வைத்தியரிடம் கேளுங்கள்

கேள்வி (கல்லாறு): ஒஸ்லோவில் இருக்கும் மகனுக்கு உடம்பு முழுவதும் உளைவு. படி ஏறினால் தொடை சோர்ந்துவிடுகிறதாம். வயது 31தான். குளிர் எலும்புக்குள் இறங்கிவிட்டதா?

பதில்: குளிர் எலும்புக்குள் இறங்காது, அம்மா. வெயில் கிடைக்காததுதான் காரணமாக இருக்கலாம். ஒஸ்லோ வடக்கே 60 பாகையில் இருக்கிறது. பனிக்காலத்தில் அங்கே வெயில் அடித்தாலும், தோலில் விற்றமின் டி உருவாகத் தேவையான புறஊதாக் கதிர் அதில் இருப்பதில்லை. நம்முடைய கறுத்த தோலுக்கு வெள்ளைத் தோலைவிடக் கூடுதல் நேரம் வெயில் வேண்டும். விற்றமின் டி குறைந்தால் கல்சியம் உடலில் சரியாகச் சேராது. எலும்பு உளையும், தொடைத் தசை பலமிழக்கும். இரத்தத்தைச் சோதித்தால் தெரிந்துவிடும். கறுத்த தோலுள்ளவர்கள் ஆண்டு முழுவதும் நாளுக்கு 10 மைக்ரோகிராம் விற்றமின் டி எடுப்பது நல்லது என்கிறது பிரித்தானிய சுகாதாரத் துறை. குறைபாடு இருந்தால் அளவு கூடும்; அதை அங்குள்ள வைத்தியர் தீர்மானிக்கட்டும். அளவு மீறினால் சிறுநீரகம் பாதிக்கும் என்பதால் இங்கிருந்து குளிசை வாங்கி அனுப்பாதீர்கள்.

கேள்வி (அக்கரைப்பற்று): மகளுக்கு சுவிஸில் குழந்தை பிறந்திருக்கிறது. கடும் குளிர். பிள்ளைக்குப் புகை காட்ட, அறைக்குள் கரிச்சட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். சரிதானே?

பதில்: இந்தப் பதிலை வாசித்ததும் மகளுக்குத் தொலைபேசி எடுங்கள். அந்தச் சட்டி வீட்டுக்குள் வரவே கூடாது. நம் ஊர் வீட்டில் ஓட்டிடுக்கு வழியாகவும் ஜன்னல் வழியாகவும் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். அங்குள்ள வீடுகள் சூடு வெளியேறாதபடி இறுக்கமாக மூடியவை. தணல் எரியும்போது காபன் மொனொக்சைட் வாயு வெளிவரும். மணமில்லை, நிறமில்லை. இரத்தத்தில் ஒக்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். தாய்க்குத் தலையிடியும் குமட்டலும் வரும்; பிரசவக் களைப்பு என்று நினைத்து ஜன்னலைத் திறக்காமல் படுத்துவிடுவார். பச்சைக் குழந்தையால் எதையும் சொல்ல முடியாது. சாம்பிராணி போடுவதற்குத் தணல் வைத்தாலும் இதே ஆபத்துத்தான். உங்கள் கைப்பக்குவத்தில் குறை சொல்லவில்லை, அது நம் வீட்டுக்குப் பொருந்தியது. அங்கே அறையைச் சூடாக்கும் கருவியும், தாயின் நெஞ்சோடு பிள்ளையை அணைத்துக்கொள்வதும் போதும்.

கேள்வி (களுவாஞ்சிக்குடி): அப்பாவுக்கு வயது 68. சீனி வருத்தமும் பிரஷரும் உண்டு. தை மாதம் ரொறன்ரோவுக்குப் போகிறார். என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: முடிந்தால் பயணத்தைச் சித்திரைக்குப் பிறகு வையுங்கள். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் பிரஷர் ஏறும். வாசலில் கொட்டிய பனியை அள்ளப்போய் மாரடைப்பு வந்தவர்கள் பலர். அங்குள்ள வீட்டாருக்கு உதவ நினைத்தாலும் அந்த மண்வெட்டியை அவர் தொடக் கூடாது. இன்னொன்று, பாதம். நீண்டநாள் சீனி வருத்தத்தில் பாதம் மரத்துப்போனால் குளிரும் தெரியாது, சூடும் தெரியாது. வெந்நீர்ப் போத்தலைக் காலடியில் வைத்துத் தூங்கி, காலையில் கொப்புளத்தோடு எழும்புவார்கள். விரல் நுனி சிவந்து வீங்கிக் கடித்தால் நெருப்பில் காய்ச்சவோ தேய்க்கவோ வேண்டாம். உலர்ந்த கம்பளிக் காலுறை போட்டு மெல்லச் சூடாக்க வேண்டும். வெளுத்து உணர்வில்லாமல் போனால் உடனே வைத்தியசாலை. பிரஷர் குளிசையை மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள்.

கேள்வி (ஆரையம்பதி): குளிர்காற்றுப் பட்டால்தான் தடிமன் வருமா?

பதில்: தடிமனுக்குக் காரணம் வைரசுதான். குளிரில் எல்லோரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் இருப்பதால் எளிதாகப் பரவுகிறது.

கேள்வி (சம்மாந்துறை): ஆசிரியையாக நுவரெலியாவுக்கு இடமாற்றம் கிடைத்திருக்கிறது. எனக்கு ஆஸ்துமா. போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம். 1,800 மீற்றருக்கும் மேலான உயரம். தை, மாசி விடியற்காலையில் மரக்கறித் தோட்டங்களில் உறைபனி விழும். குளிர்ந்த, ஈரமில்லாத காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கும் என்பதால் காலையில் பாடசாலைக்கு நடக்கும்போது மூக்கையும் வாயையும் சால்வையால் மூடி, மூக்கால் மூச்செடுங்கள். தடுப்பு இன்ஹேலரை வருத்தம் இல்லாத நாளிலும் நிறுத்தாதீர்கள். வாடகை அறை பார்க்கும்போது சுவர் மூலைகளைக் கவனியுங்கள். பூஞ்சணம் கறுத்துப் படிந்திருந்தால் அந்த அறை உங்களுக்கு வேண்டாம்.