காகித ஹெல்மெட்டை என் தலை அளவுக்கு அச்சிடுவது எப்படி?

முப்பரிமாண மாதிரியைத் தாளில் வெட்டி ஒட்டும் துண்டுகளாக விரித்துத் தரும் பெபகுரா மென்பொருளில் மாதிரியின் உயரத்தை மில்லிமீட்டரில் மாற்றினால் அகலமும் ஆழமும் அதே விகிதத்தில் மாறும். ஆனால் உயரத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். தலை நுழைய வேண்டியது கழுத்து ஓட்டை வழியாக. நான் முதலில் செய்தது மூக்கிலேயே மாட்டிக்கொண்டது!

சுவரில் பின்மண்டை படும்படி நின்று, மூக்கு நுனியில் ஒரு புத்தகத்தை நிமிர்த்திப் பிடியுங்கள். சுவருக்கும் புத்தகத்துக்கும் உள்ள தூரத்தைவிட ஓட்டையின் ஆழம் (முன்னிருந்து பின் வரையுள்ள அளவு) சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். உள்ளே ஸ்பாஞ்சு ஒட்டுவதாக இருந்தால் அதன் தடிமனையும் சேருங்கள்.

அடி வளையத்தை மட்டும் சாதாரணத் தாளில் அச்சிட்டு ஒட்டி, மாட்டிப் பாருங்கள். அது நுழைந்த பிறகு 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை) அட்டையை எடுத்தால் போதும். பிரின்டரில் அளவு 100 சதவீதம்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; தாளுக்கேற்பச் சுருக்கும் வசதி ஓசையின்றிக் கெடுத்துவிடும்.