சுருக்கம் போகல, கஞ்சி ஒட்டுது, பேன்ட் பளபளக்குது: இஸ்திரி கேள்வி-பதில்

சூட்டு டயலை மூன்று புள்ளியில் வைத்து எத்தனை தடவை தேய்த்தாலும் காட்டன் சட்டையில் சுருக்கம் போகவில்லை. அயர்ன் பாக்ஸ் பழுதா?

பெட்டியில் கோளாறு இல்லை, துணி மொறமொறவென்று காய்ந்துவிட்டது. பருத்தி இழை ஈரத்தில்தான் இளகும். இளகிய இழையை நீட்டி நிறுத்துவது மட்டுமே சூட்டின் வேலை. கொடியில் முக்கால்வாசி காய்ந்ததுமே எடுத்துத் தேய்த்துவிடுங்கள். முழுக்கக் காய்ந்திருந்தால் தண்ணீர் தெளித்து, இறுக்கிச் சுருட்டி, பாலித்தீன் பையில் 15–20 நிமிடம் வையுங்கள். தெளித்த கையோடு தேய்த்தால் துளி விழுந்த இடம் சொதசொதவென்றும் அதன் பக்கத்திலேயே வறண்டும் இருக்கும். தெருமுனை இஸ்திரி வண்டியில் முதலில் எல்லாத் துணியிலும் தெளித்துச் சுருட்டி ஓரமாக அடுக்கிவிட்டுப் பிறகு தேய்ப்பது இதற்காகத்தான். தேய்த்த சூட்டோடு மடித்து வைக்காதீர்கள், ஹேங்கரில் ஐந்து நிமிடம் ஆறட்டும். சூடும் ஈரமும் மிச்சமிருந்தால் மடித்த இடத்தில் புதுச் சுருக்கம் விழும்.

காலர் முனையில் மட்டும் குட்டிக் குட்டி மடிப்பு விழுகிறது.

நடுவிலிருந்து முனைக்குத் தள்ளுகிறீர்கள். முனையிலிருந்து நடுவுக்கு வாருங்கள். உள்பக்கம் முதலில், வெளிப்பக்கம் பிறகு. கஃபுக்கும் இதே கணக்கு.

கறுப்பு பேன்டில் தொடைப் பக்கம் பளபளவென்று ஆகிவிட்டது. சரிசெய்ய முடியுமா?

பாலியெஸ்டர் கலந்த துணியாக இருக்கும். சூட்டிலும் அழுத்தத்திலும் மேலிழைகள் படுத்துத் தட்டையாகி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கின்றன. ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, வெள்ளைக் காட்டன் துணியை அதில் நனைத்துப் பிழிந்து, பளபளப்பின் மேல் விரியுங்கள். அதன் மேல் பெட்டியை லேசாக வைத்து வைத்து எடுங்கள், இழுக்க வேண்டாம். ஆவி அடங்குவதற்குள் மென்மையான பிரஷால் இழையை எழுப்பிவிடுங்கள். படுத்த இழை ஓரளவு எழும். விரலால் தடவும்போது பிளாஸ்டிக் மாதிரி கெட்டியாக இருந்தால் இழை உருகிவிட்டது, அதற்கு வைத்தியம் கிடையாது. இனிமேல் கறுப்பு, நேவி ப்ளூ எதுவானாலும் உள்பக்கம் திருப்பி, இரண்டு புள்ளிக்கு மேல் போகாமல் தேயுங்கள்.

கஞ்சி போட்ட புடவையில் பெட்டி ஒட்டுகிறது, பழுப்புத் துணுக்குகளும் விழுகின்றன.

கஞ்சி கெட்டி, அல்லது வடிகட்டவில்லை. ஒரு புடவைக்கு இரண்டு மேசைக்கரண்டி ஜவ்வரிசியை ஊறவைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் கண்ணாடி போலாகும் வரை காய்ச்சி, மெல்லிய துணியில் வடிகட்டி, அரை வாளித் தண்ணீரில் கரைத்தால் போதும். கட்டியாக நிற்கும் கஞ்சிதான் பெட்டியின் அடித்தட்டில் கருகி அடுத்த துணியில் உதிரும். தட்டில் ஏற்கெனவே பிடித்திருந்தால் பிளக்கைப் பிடுங்கி, வெதுவெதுப்பாக ஆறியதும் ஈரத்துணியால் துடையுங்கள். உப்புப் போட்டுத் தேய்க்கச் சொல்வார்கள். நான்ஸ்டிக் பூச்சுள்ள தட்டில் அதைச் செய்தால் கீறல்தான் மிஞ்சும்.

ஸ்டீம் அயர்ன் வெள்ளைப் பொடியைக் கக்குகிறது.

போர் தண்ணீர் ஊற்றினால் கக்கத்தான் செய்யும். தண்ணீர் ஆவியாகப் போய்விடுகிறது, அதிலிருந்த உப்பு உள்ளேயே தங்குகிறது. ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். செல்ஃப் க்ளீன் பட்டன் இருந்தால் தொட்டியை நிரப்பி, ஸ்டீமை மூடி, முழுச் சூடேற்றி, விளக்கு அணைந்ததும் பிளக்கைப் பிடுங்குங்கள். சிங்குக்கு மேல் படுக்கை வாக்கில் பிடித்துப் பட்டனை அழுத்தியபடி முன்னும் பின்னும் ஆட்டினால் பொடி கொட்டிவிடும். கொதிநீரும் கூடவே வரும், கை பத்திரம். தேய்க்கும்போது பொடிக்குப் பதில் தண்ணீராகச் சொட்டினால் சூடு போதவில்லை. குறைந்த சூட்டில் ஸ்டீமைத் திறக்காதீர்கள்.

பட்டுப்புடவையை வீட்டில் தேய்க்கலாமா?

தேய்க்கலாம், தண்ணீர் மட்டும் தெளிக்கக் கூடாது. பட்டில் வட்டவட்டமாகக் கறை நிற்கும், ஜரிகையும் கறுக்கும். பட்டுக்கான சூட்டில், ஸ்டீம் இல்லாமல், உள்பக்கம் திருப்பி, மேலே பழைய காட்டன் வேட்டியைப் போட்டுத் தேயுங்கள். முந்தியில் பெட்டியை இழுத்தால் ஜரிகை இழை மாட்டிக்கொள்ளும். தூக்கித் தூக்கி வையுங்கள்.

2000 வாட் பெட்டியைச் சாதாரண பிளக்கில் போடலாமா?

வேண்டாம். 230 வோல்ட்டில் அது 8.7 ஆம்பியர் இழுக்கும், சின்ன சாக்கெட் தாங்குவது 6 தான். 16 ஆம்பியர் பாயின்ட்டில் போடுங்கள். 1000 வாட் பெட்டி என்றால் சின்னதே போதும்.