இன்ஸ்டால் ஆகலையா, ஸ்டார்ட் ஆகலையா?

கேள்வி: வணக்கம் சார். எம்சிஏ படிக்கிறேன். லேப்டாப்ல உபுண்டு 22.04 (லினக்ஸ்) இருக்கு. ப்ராஜெக்ட்டுக்காக மைஎஸ்கியூஎல்ங்கற டேட்டாபேஸ் சர்வர் போடப் போனா எல்லாம் நல்லா ஓடிட்டு கடைசில போஸ்ட் இன்ஸ்டாலேஷன் ஸ்கிரிப்ட் எரர், எக்ஸிட் ஸ்டேட்டஸ் 1னு நின்னுடுது. மூணு தடவை பர்ஜ் பண்ணி (செட்டிங்கோட முழுசா நீக்கி) திரும்பப் போட்டாச்சு. இப்ப வேற எந்த சாஃப்ட்வேர் போட்டாலும் கூடவே இந்த எரரும் வருது. ஏற்கனவே ஸாம்ப் (வெப் சர்வரும் டேட்டாபேஸும் சேர்ந்தே வர்ற தொகுப்பு) இருக்கு, அப்பாவோட எலக்ட்ரிகல் கடை ஸ்டாக் கணக்கு அதுலதான் ஓடுது. டேட்டாபேஸ் ஃபோல்டரை மொத்தமா அழிச்சிட்டு போடுன்னு ஃப்ரெண்ட் சொல்றான். அழிக்கலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அழிக்காதீங்கம்மா. முதல்ல இந்த வரியைப் படிச்சிட்டு லேப்டாப்புல இருந்து கையை எடுங்க, மீதியைப் பொறுமையா பாக்கலாம். இதே மாதிரி அவசரத்துல ஒரு மளிகைக்கடையோட 3 வருஷக் கணக்கு ஒரே கமாண்டுல போனதை பக்கத்துல நின்னு பாத்தவன் நான், அந்தக் கடைக்காரர் முகம் இன்னும் கண்ணுலயே நிக்குது.

உங்க மைஎஸ்கியூஎல் இன்ஸ்டால் ஆகிடுச்சு, ஸ்டார்ட்தான் ஆகலை. உபுண்டுல ஒரு பேக்கேஜ் ரெண்டு கட்டமா ஏறும். முதல்ல ஃபைலெல்லாம் அதது இடத்துக்குப் போகும், அப்புறம் கான்ஃபிகர் நடக்கும். அந்த ரெண்டாவது கட்டத்துல ஸ்கிரிப்ட் சர்வரை ஸ்டார்ட் பண்ணிப் பாக்குது, அது எழும்பலைன்னா உடனே எரர்னு சொல்லிடுது. பேக்கேஜ் பாதில நிக்குதா, அதனால நீங்க அடுத்து எதைப் போட்டாலும் பேக்கேஜ் போடுற ஆப்ட் கமாண்ட் முதல்ல இந்த மிச்ச வேலையை முடிக்கப் பாக்குது, திரும்ப அதே இடத்துல இடிச்சிக்குது. மூணு இல்ல முப்பது தடவை பர்ஜ் பண்ணாலும் காரணம் அப்படியேதான் இருக்கும்.

காரணம் லாக்ல இருக்கு. வார் ஃபோல்டருக்குள்ள லாக், அதுக்குள்ள மைஎஸ்கியூஎல், அதுல எரர் லாக்னு ஒரு ஃபைல், அதோட கடைசி இருபது வரியைப் பாருங்க. உங்க கேஸ்ல 'பைண்ட் ஆன் டிசிபி ஐபி போர்ட், அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்'னு ஒரு வரியும், அதுக்குக் கீழயே 3306 போர்ட்ல (போர்ட்னா ஒரு சர்வர் உக்காந்து கேக்குற வாசல் நம்பர்) வேற சர்வர் ஓடுதான்னு ஒரு கேள்வியும் இருக்கணும். ஏன்னா ஸாம்ப்புக்குள்ள இருக்குற டேட்டாபேஸ் மரியாடிபி. மைஎஸ்கியூஎல்லை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான மாண்ட்டி விடேனியஸே 2009ல அதுல இருந்து பிரிச்சு ஆரம்பிச்சது, அதனால ரெண்டுக்கும் டிஃபால்ட் போர்ட் ஒண்ணுதான், 3306. அப்பாவோட கணக்கு அந்த போர்ட்ல ஏற்கனவே உக்காந்திருக்கு, புதுசா வந்தது எங்க உக்காரும்?

நல்லவேளை, ஸாம்ப் டேட்டா ஆப்ட் ஃபோல்டர்ல லாம்ப்புக்குள்ள தனியா இருக்கு (பேக்கேஜ் போடுற ஆப்ட் வேற, இந்த ஃபோல்டர் வேற), நீங்க பர்ஜ் பண்ணது அதைத் தொட்டிருக்காது. இருந்தாலும் இப்பவே ஸாம்ப்போட வர்ற பிஹெச்பி மைஅட்மின் பக்கத்துல எக்ஸ்போர்ட் குடுத்து அந்த ஃபைலை ஒரு பென்டிரைவ்ல போட்டு வச்சிட்டு மத்த வேலைக்கு வாங்க.

கடைக் கணக்கு ஓடிட்டே இருக்கணும்ங்கறதால ஸாம்ப்பை நிறுத்த நான் சொல்ல மாட்டேன், புதுசோட போர்ட்டை மாத்துங்க. இடிசி ஃபோல்டர்ல மைஎஸ்கியூஎல்லுக்குள்ள இருக்குற மைஎஸ்கியூஎல்டி கான்ஃபிக் ஃபைலைத் திறந்தா போர்ட் 3306னு ஒரு வரி முன்னாடி ஹேஷ் போட்டு இருக்கும், ஹேஷை எடுத்துட்டு 3307 ஆக்குங்க. சேவ் பண்ணிட்டு டிபிகேஜியை (ஆப்ட்டுக்கு அடியில வேலை பாக்குற கமாண்ட்) கான்ஃபிகர், ஏ ரெண்டு ஆப்ஷனோட ஓட்டுங்க, பாதில நின்னது தானா முடியும்.

அப்புறம் ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள யூசர்) பாஸ்வேர்ட் போட்டா ஆக்சஸ் டினைட்னு வரும், போச்சுடான்னு திரும்ப பர்ஜ் பண்ணிடாதீங்க! உபுண்டுல மைஎஸ்கியூஎல் ரூட்டுக்கு பாஸ்வேர்ட் கிடையாது, லினக்ஸ் ரூட்தானான்னு மட்டும்தான் பாக்கும். சுடோ (ரூட்டா ஓட்டுற கமாண்ட்) போட்டு உள்ள போய் ப்ராஜெக்ட்டுக்குன்னு தனி யூசர் ஒண்ணு கிரியேட் பண்ணிக்கோங்க.

கேள்வி: மாச வாடகைக்கு எடுத்த 1 ஜிபி ராம் சர்வர்ல மைஎஸ்கியூஎல் 8 போட்டேன். ஒருநாள் ஓடுது, ஒருநாள் தானா நின்னுடுது. எரர் லாக்ல காரணமே இல்ல.
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: எரர் லாக்ல இருக்காது சார், கொன்னது கெர்னல், அதாவது லினக்ஸோட மையப் பகுதி, மெமரி தீர்ந்தா அது ஒரு ப்ரோக்ராமை நிறுத்திடும். ஜர்னல்சிடிஎல் கமாண்ட்ல கெர்னல் மெசேஜைப் பாருங்க, அவுட் ஆஃப் மெமரி, கில்ட் ப்ராசஸ்னு மைஎஸ்கியூஎல்டி (மைஎஸ்கியூஎல் சர்வரோட ப்ரோக்ராம்) பேரோட ஒரு வரி இருந்தா அதேதான். 1 ஜிபில வெப் சர்வரும் பிஹெச்பியும் சேர்ந்தா மூச்சு முட்டும். ஒரு 2 ஜிபி ஸ்வாப் ஃபைல் (ராம் பத்தாதப்ப டிஸ்க்ல இருந்து கை குடுக்குறது) போடுங்க, கான்ஃபிக்ல பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவை (சர்வர் தன் வேகத்தைத் தானே அளக்குற வசதி) ஆஃப் பண்ணுங்க, அதுலயே நல்லா மெமரி மிஞ்சும். டேட்டாவை ராம்ல வச்சுக்கிற பஃபர் பூல் டிஃபால்ட்டே 128 எம்பிதான், பெரிய சர்வருக்கு எழுதின செட்டிங்கைக் காப்பி அடிச்சு அதை ஏத்தி வச்சிருந்தீங்கன்னா முதல்ல இறக்குங்க.