கிரானைட் மேடையில் ஒட்டுப் போட்டால் நிறம் சேர்வதில்லையே, ஏன்?

அஸ்தம்பட்டியிலிருந்து ஒருவர்: அண்ணா, கறுப்பு மேடையில் சிங்க் ஓரம் நகம் அளவு சில்லு பெயர்ந்தது. கறுப்பு எபாக்சி (இரண்டு பாகம் கலந்து இறுகும் பசை) வைத்து அடைத்தார்கள். கரி அப்பியது மாதிரி தனியாகத் தெரிகிறது.

பதில்: கறுப்புக் கல் முழுக் கறுப்பே அல்ல. டார்ச் அடித்துப் பாருங்கள், உள்ளே சாம்பல் பொடிப் படிகங்கள் மின்னும். வெறும் கறுப்புப் பேஸ்ட்டில் அந்த ஆழம் வராது. பழைய பசையைச் சுரண்டி எடுத்து, அசிட்டோனால் துடைத்து, ஈரமே இல்லாமல் காயவிடுங்கள். சிங்க்குக்கு வெட்டிய துண்டு கிடந்தால் அதை நுணுக்கி டீ வடிகட்டியில் சலியுங்கள். நிறமில்லாத எபாக்சியில் அந்தத் தூளைக் கலந்து, கறுப்புப் பேஸ்ட்டைப் பல்குத்தும் குச்சி நுனியில் தொட்டு மட்டும் சேருங்கள். உலர்ந்த தூளை வைத்து நிறம் பார்க்கக் கூடாது. பசையில் நனைந்ததும் கறுத்துவிடும். வேஸ்ட் துண்டின் பாலிஷ் முகத்தில் ஒரு சொட்டு வைத்து, இறுகிய பிறகு, உங்கள் சமையலறை விளக்கிலேயே பாருங்கள். குழியில் கொஞ்சம் மேடாக நிரப்பி, இறுகியதும் புது பிளேடைப் படுக்க வைத்துச் சீவி எடுங்கள்.

சூரமங்கலம்: பாரடைசோ மாதிரி பல நிறக் கல்லுக்கு?

பதில்: ஒரே கலவையில் முடியாது. அடர் நிறம், இடை நிறம், வெளிர் நிறம் என மூன்று சின்னக் கலவை. அடர் நிறத்தை அடியில் போட்டு, மற்றதை ஊசி முனையால் புள்ளி வையுங்கள். கிளறினால் எல்லாம் சேற்று நிறமாகும். பாலியஸ்டர் பசையென்றால் 100 கிராமுக்கு 2–3 கிராம் ஹார்டனர், அதாவது பசையை இறுக வைக்கும் பொருள். ஹார்டனர் பேஸ்ட்டுக்கே நிறமுண்டு, அதையும் கணக்கில் வையுங்கள்.

ஏற்காடு: எபாக்சி மறுநாளும் பிசுபிசுக்கிறது. ஹார்டனரைக் கூட்டலாமா?

பதில்: கூடவே கூடாது. பாலியஸ்டருக்கு ஹார்டனர் கொஞ்சம் முன்பின் ஆனால் பொறுக்கும்; எபாக்சிக்கு டப்பாவில் போட்ட விகிதம்தான். பனியும் குளிரும்தான் காரணம். 15 டிகிரிக்குக் கீழே பெரும்பாலான எபாக்சி மந்தமாகிவிடும். கல்லை ஹேர் டிரையரால் வெதுவெதுப்பாக்கிவிட்டு நிரப்புங்கள். மேலே மெழுகுப் படலம் மாதிரி இருந்தால் ஈரக்காற்றின் வேலை. இறுகிய பின் வெந்நீர், சோப்பில் கழுவினால் போய்விடும். கழுவாமல் தேய்த்தால் அப்பிக்கொள்ளும்.

கொண்டலாம்பட்டி: பாலிஷ் போட்ட பிறகு ஒட்டைச் சுற்றி மங்கலாய் ஒரு வட்டம்.

பதில்: சமதளத்தில் மெஷினை வைத்ததுதான் தப்பு. ஃபேக்டரி பாலிஷ் போய்விட்டது. இனி தண்ணீர் விட்டு 400, 800, 1500, 3000 என்ற எண் பாலிஷ் பேடுகளில் (எண் கூடக் கூட நைசு) ஒன்றையும் விடாமல், வட்டத்தைத் தாண்டி அகலமாகப் போக வேண்டும். சாதா கட்டிங் மெஷின் வேகத்தில் பேடு கருகும். வேகம் குறைக்கிற மெஷின்தான் சரி. கடைசியாகப் பளபளப்பேற்றும் பஃப் பேடு கறுப்புக் கல்லுக்குக் கறுப்பு, வெளிர் கல்லுக்கு வெள்ளை. மாற்றினால் நுண்துளையில் கறை ஏறும்.

ஓமலூர்: வெள்ளை வெள்ளையாகத் திட்டு. பாலிஷ் போய்விட்டதா?

பதில்: போர் தண்ணீரின் உப்புப் படிவாக இருக்கலாம், பிளேடால் சுரண்டிப் பாருங்கள். பாத்ரூம் ஆசிட் வேண்டாம். வெள்ளைத் துணியில் அசிட்டோன் தொட்டு ஒரு மூலையைத் தேய்த்தும் பாருங்கள். துணியில் கறுப்பு இறங்கினால் அது சாயம் ஏற்றிய கல். அதற்கு எந்தக் கலவையும் நிரந்தரமாகப் பொருந்தாது.