ஆறு மாதத்தில் கிழிந்த ரப்பர் புஷ்

கேள்வி: நாற்பத்தைந்து ஆண்டுகள் பழைய என் காரின் முன்பக்க சஸ்பென்ஷன் ஆர்ம்களில் (சக்கரத்தைக் காரின் சட்டத்தோடு இணைத்து ஏறி இறங்க விடும் கைகள்) இருந்த ரப்பர் புஷ்களை (அந்த இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உருளைகள்) வீட்டிலேயே மாற்றினேன். கார் ஸ்டாண்டின் மேல் இருந்தபோதே எல்லா போல்ட்டுகளையும் முழுமையாக இறுக்கிவிட்டுச் சக்கரங்களை மாட்டினேன். ஆறே மாதத்தில் இரண்டு புஷ்களில் ரப்பர் கிழிந்துவிட்டது. நான் வாங்கியது போலியா? அடுத்த முறை பாலியூரித்தேன் புஷ் போடலாமா?

பதில்: தரமற்ற ரப்பர் விற்பனைக்கு வருவது உண்மைதான். ஆனால் நல்ல புஷ்ஷையும் ஆறு மாதத்தில் கிழிக்கக்கூடிய காரணம் ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கார் தரையைத் தொடாமல் நிற்கும்போது போல்ட்டை இறுக்கியதுதான் அது.

உங்கள் காரில் உள்ள வகை புஷ்ஷில் உள்ளே ஓர் இரும்புக் குழாய், வெளியே ஓர் இரும்புக் கூடு, இரண்டோடும் ஒட்டிப் பிணைக்கப்பட்ட ரப்பர் ஆகியவை இருக்கும். போல்ட்டை இறுக்கியதும் உள் குழாய் காரின் சட்டத்தோடு அசையாமல் பிடிபட்டுவிடும். வெளிக்கூடோ ஆர்மோடு சேர்ந்து திரும்பும். எனவே சக்கரம் ஏறி இறங்கும்போது எந்தப் பாகமும் வழுக்கிச் சுழல்வதில்லை, நடுவில் இருக்கும் ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு இடம் கொடுக்கிறது. இறுக்கும் நேரத்தில் ஆர்ம் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ, அதுவே அந்த ரப்பரின் ஓய்வு நிலையாகிவிடும். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கினால், காரைத் தரையில் இறக்கிய நொடியிலிருந்தே ரப்பர் முறுக்குண்டு நிற்கும். ஒவ்வொரு பள்ளமும் மேடும் அந்த முறுக்கின் மேல் இன்னொரு முறுக்கைச் சேர்க்கும்.

ஆகவே போல்ட்டுகளை முதலில் கையால் மட்டும் முடுக்கிவிட்டு, சக்கரங்களை மாட்டிக் காரை இறக்கி, முன்பக்கத்தைச் சில முறை அழுத்தி விட்டு, அது தன் இயல்பான உயரத்தில் நின்ற பிறகே டார்க் ரென்ச்சால் (குறித்த விசையளவில் இறுக்க உதவும் ஸ்பேனர்) கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். அந்த நிலையில் கீழே கை நுழையவில்லை என்றால், உறுதியான சாய்தளத்தில் காரை ஏற்றி நிறுத்தலாம். இன்னொரு வழியும் உண்டு: கழற்றுவதற்கு முன்பே சக்கரத்தின் மையத்துக்கும் மட்கார்டின் விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளந்து குறித்துக்கொண்டு, பின்னர் ஆர்மின் அடியில் ஜாக்கி கொடுத்து அதே அளவு வரும்வரை உயர்த்தி இறுக்கலாம். எப்படிச் செய்தாலும், காரின் எடை ஜாக்கியை மட்டும் நம்பி நிற்கக் கூடாது.

பாலியூரித்தேன் புஷ்களில் பெரும்பாலானவற்றில் உள் குழாய் சுழலக்கூடியது என்பதால் அவை இப்படி முறுக்கிக் கிழிவதில்லை. ஆனால் அவை கடினமானவை; சாலையின் அதிர்வை வண்டிக்குள் அதிகமாகக் கடத்தும்; உரிய சிலிக்கான் கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும். மேலும், சில பழைய வடிவமைப்புகளில் ஆர்ம் சற்றே முன்னும் பின்னும் அசைவதற்கு ரப்பரின் நெகிழ்வையே பொறியாளர்கள் கணக்கில் வைத்திருப்பார்கள். அங்கே கடினமான புஷ்ஷைப் போட்டால் சுமை முழுவதும் பழைய சட்டத்தின் பிடிப்பிடங்களில் விழும். பழைய காரை அதன் இயல்போடு ஓட்ட விரும்புகிறவருக்கு நான் ரப்பரையே பரிந்துரைப்பேன்.

கேள்வி: பழைய புஷ்ஷின் ரப்பர் வந்துவிட்டது, ஆனால் வெளிக்கூடு ஆர்மின் துளையில் துருவேறிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தீயால் சூடாக்கி எடுக்கலாம் என்கிறார்களே?

பதில்: வேண்டாம். எஞ்சிய ரப்பர் எரிந்தால் எழும் புகை நச்சுத்தன்மை உடையது. ஆர்ம் அலுமினியத்தால் ஆனதென்றால் வெப்பத்தில் அதன் வலிமையும் குறையும். ஹாக்ஸா பிளேடைத் துளைக்குள் விட்டு, கூட்டை நீளவாக்கில் அறுங்கள். ஆர்மின் உலோகத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே நிறுத்திவிட்டு, எஞ்சிய மெல்லிய பகுதியை உளியால் உட்புறமாக மடக்கினால் கூடு தளர்ந்து வெளியே வரும். ஓர் அரை மணி நேரம் பொறுமையாக அறுப்பது, துளையில் ஒரு கீறல் விழுவதைவிட மேலானது.

துளையைத் துரு நீக்கி வழவழப்பாக்கியபின் புதிய புஷ்ஷை ஏற்றுவதற்கு, நீண்ட மரையுள்ள கம்பி, தடித்த வாஷர்கள், வெளிக்கூட்டின் விளிம்பில் மட்டும் படியும் அளவுள்ள ஒரு குழாய்த் துண்டு ஆகியவை போதும். அழுத்தம் ரப்பரிலோ உள் குழாயிலோ விழுந்தால் பிணைப்பு தொடக்கத்திலேயே அறுந்துவிடும். கூடு இல்லாத வெறும் ரப்பர் புஷ் என்றால் சோப்பு நீர் தடவி ஏற்றலாம். இயற்கை ரப்பர் எஞ்சின் எண்ணெயிலும் சாதாரண கிரீஸிலும் ஊறி உப்பி மென்மையாகிவிடும் என்பதால் அவற்றைத் தடவவே கூடாது. ரப்பரில் இடைவெளிகள் விடப்பட்ட புஷ்களுக்குத் திசை உண்டு. பழையதைக் கழற்றுவதற்கு முன் அதன் நிலையை ஆர்மில் குறித்துவைப்பது அவசியம்.

கேள்வி: முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்கை நானே கழற்றலாமா?

பதில்: அமுக்கப்பட்ட ஸ்பிரிங் கட்டுமீறி விடுபட்டால் உயிரையே பறிக்கும். உங்கள் காருக்குப் பொருந்தும் ஸ்பிரிங் கம்ப்ரஸரும் (ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி), அதைக் கையாளும் பழக்கமும் இல்லாவிட்டால், அந்த ஒரு வேலையைப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். பின்பக்கத்தில் பட்டை ஸ்பிரிங் இருந்தால், அதன் ஷேக்கிள் (பட்டையின் ஒரு முனையைச் சட்டத்தோடு இணைக்கும் அசையும் இணைப்பு) புஷ்களிலிருந்து வீட்டுப் பணியைத் தொடங்கலாம். முன்பக்க ஆர்ம்களைக் கழற்றும்போது ஷிம்கள் (சக்கரக் கோணத்தைச் சரிசெய்ய வைக்கப்படும் மெல்லிய தகடுகள்) எந்த இடத்தில் எத்தனை இருந்தன என்பதை எழுதிவைத்து அப்படியே மீண்டும் பொருத்துங்கள். அப்படிப் பொருத்தினாலும், புதிய புஷ்கள் ஆர்மின் இருப்பைச் சிறிது மாற்றியிருக்கும் என்பதால், பணி முடிந்ததும் வீல் அலைன்மென்டைச் சரிபார்த்துவிடுங்கள்.